பழைய ஆயில் கூலரைக் கழுவிப் போடலாமா, மாற்ற வேண்டுமா: சேலம், ஏற்காடு வண்டிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரம் தாண்டியதும் லோடு ஏற்றிய பிக்கப் பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் ஏறும். இன்ஜின் சுற்று அதிகம், வண்டியின் வேகம் குறைவு, முன்னால் இருந்து வரும் காற்றும் குறைவு. ரேடியேட்டர் ஃபேன் கூலன்ட்டைப் பார்த்துக்கொள்ளும். பேரிங்கிலும் பிஸ்டன் அடியிலும் சுற்றி வரும் ஆயிலின் சூட்டை அந்தக் கூலன்ட்டுக்குக் கடத்துவது ஆயில் கூலரின் வேலை. அதில் கசடு அடைத்திருந்தாலும் ஊசி ஓட்டை விழுந்திருந்தாலும் ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. மலை ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

டீசல் கார், டாக்ஸி, பிக்கப், சின்ன லாரி ஆகியவற்றில் வரும் தட்டு அடுக்குக் கூலரைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். பைக்கில் முன்னால் தெரியும் காற்றுக் கூலருக்குக் கடைசிப் பக்கம் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. செலவைப் பொறுத்தவரை என் கணக்கு இதுதான்: மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கூலர். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஓரிங் (இணைப்பில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), ஆயில், கூலன்ட். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுக் கூலரை வாங்கிவிட்டுப் பழைய ஓரிங்கையே துடைத்துப் போடுவார்கள், அப்புறம் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றுவார்கள்.

முதலில் நோய் எது என்று பார்ப்போம்

கூலருக்குள் மெல்லிய தட்டுகள் அடுக்கி வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒரு இடைவெளியில் ஆயில், அடுத்ததில் கூலன்ட் என்று மாறி மாறி ஓடும். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் மூன்று, நான்கு பார் வரை இருக்கும். கூலன்ட் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்தான். எனவே தட்டில் ஓட்டை விழுந்தால் ஓடும்போது ஆயில் கூலன்ட் பக்கம் போகும். கூலன்ட் டப்பாவைத் திறந்தால் காப்பி நிறத்தில் கெட்டியான ஆடை மிதக்கும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சுழி ஆகிவிடும், சூடான கூலன்ட்டில் மட்டும் கொஞ்ச நேரம் அழுத்தம் நிற்கும். அப்போது தண்ணீர் ஆயில் பக்கம் கசியலாம். மலையேறி வந்து நிறுத்தி, மறுநாள் காலை ஆயில் கேஜை இழுத்தால் அளவு கூடியும் நிறம் வெளுத்தும் இருந்தால் அதுதான் காரணம்.

இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் பேக்கிங் போனாலும் இதே கலவை வரும். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஹெட் பேக்கிங் போயிருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வரும், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காது. குமிழி இல்லை, புகை இல்லை, டப்பாவில் ஆயில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் முதல் சந்தேகம் கூலர் மேல்தான். ஹெட்டை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் "முதல்ல கூலரைக் கழட்டி டெஸ்ட் பார்த்துடலாமுங்ணா" என்று சொல்லத் தயங்காதீர்கள். இரண்டு வேலைக்கும் கூலியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஏற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். மார்கழி, தை மாதங்களில் எஸ்டேட்டுக்கும் கடைவீதிக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில், ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரிப் படிந்திருக்கும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே இருக்கும் ஈரம் மூடியில் குளிர்ந்து ஆயிலோடு சேர்வதுதான் அது. கேஜில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் கூலர் மேல் பழி போட வேண்டாம். ஒருமுறை சேலம் வரை இறங்கி ஏறினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மூன்றாவது வகை வெளிக்கசிவு. கூலரும் பிளாக்கும் சேரும் இடத்தில் ஆயில் ஒழுகி அடியில் சொட்டும். இதில் கூலர் நன்றாகவே இருக்கும், ஓரிங் மட்டும் காய்ந்து கடினமாகிப் போயிருக்கும். இருப்பதிலேயே குறைந்த செலவு இதுதான்.

கழுவுவதா, வேறு போடுவதா

தட்டில் ஓட்டை என்று உறுதியானால் கழுவி எந்தப் பயனும் இல்லை. தட்டு அடுக்குக் கூலரை வெளியில் இருந்து வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாது, ஓட்டை உள் அடுக்கில் இருக்கும். எபாக்சி பசையெல்லாம் சூட்டிலும் அழுத்தத்திலும் நிற்காது. மாற்றத்தான் வேண்டும். ஓட்டை இல்லை, கசடும் உப்பும்தான் என்றால் தாராளமாகக் கழுவலாம். கூலரைத் தவிர்த்துவிட்டு ஆயிலை நேராகச் சுற்றவிடும் 'பைபாஸ்' வேலையைச் சிலர் சொல்வார்கள். ஏற்காடு ஏறும் வண்டிக்கு அதைச் செய்யவே கூடாது.

இன்ஜின் பேரிங் உருகிய வண்டியின் கூலரைக் கழுவுவது வீண் வேலை. உடைந்த உலோகத் தூள் தட்டுகளின் இடுக்கில் சிக்கி இருக்கும், எத்தனை முறை அலசினாலும் முழுதாக வராது. புது பேரிங் போட்டு ஓட்டும்போது ஒவ்வொரு துகளாக விட்டு மறுபடியும் அதையே தின்னும். ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து இன்ஜினைப் புதுப்பிப்பது) செய்யும்போது கூலரைப் புதிதாகப் போடச் சொல்வது கடைக்காரர் லாபத்துக்கு மட்டும் அல்ல.

பழைய கூலர் வாங்கும்போது

சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரித் தொழில் நிறைந்த பகுதி இது. பழைய உதிரிபாகம் தேடினால் கிடைக்கும். கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல: "அண்ணா, இது எந்த வண்டியில் கழட்டினது? அந்த வண்டி ஏன் ஸ்கிராப்புக்கு வந்துச்சு?" ஆக்சிடெண்ட் வண்டி என்றால் நல்லது. இன்ஜின் பிடித்துப்போன வண்டி என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடலாம். பதில் மழுப்பலாக வந்தால் கூலரிடமே கேளுங்கள். ஆயில் துவாரத்துக்குள் வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி விட்டு எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் பரவாயில்லை, அது சாதாரணப் புகைக்கரி. துணியில் வெள்ளித் தூள் மாதிரி மினுமினுத்தால் வேண்டாம்.

உங்கள் பழைய கூலரையும் கையோடு கொண்டு போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தட்டு எண்ணிக்கை மாறும். தட்டு குறைந்தால் குளிர்விக்கும் திறனும் குறையும். அதில் அடித்திருக்கும் பார்ட் நம்பர், போல்ட் துளைகளின் இடைவெளி, குழாய் வாய் திரும்பியிருக்கும் பக்கம் எல்லாம் ஒத்துப் போக வேண்டும். ஓரிங் உட்காரும் முகத்தில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருக்கக் கூடாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து ஆடுகிறதா என்றும் பாருங்கள், ஆடினால் முகம் வளைந்திருக்கிறது. "ஏர் டெஸ்ட்டில் ஓட்டை இருந்தால் திருப்பித் தருவேன்" என்று வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். புதியதன் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் பேரத்தை முடித்துக்கொண்டு புதியதையே வாங்குவது என் வழக்கம்.

கழற்றுதல்

இன்ஜின் முழுதாக ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அடியில் படுக்க வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். முதலில் கூலன்ட், அப்புறம் ஆயில் என்று தனித்தனிப் பாத்திரத்தில் இறக்குங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், விஷம். தெருநாயோ ஆடு மாடோ வாய் வைக்காமல் உடனே மூடி வையுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் கூலர் ஆயில் ஃபில்டர் வீட்டோடு (ஹவுசிங்) சேர்ந்தே இருக்கும். போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் கூலரின் வடிவத்தைக் கிறுக்கி, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் பிறகு குழப்பம் வராது. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய வீடு வெடிக்கும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், திருகிப் பாருங்கள். வரவில்லையென்றால் கத்தியால் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊதித் தொளதொளத்துப் போயிருந்தால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பிளாக்கில் திறந்து கிடக்கும் துவாரங்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள்.

ஆயில் பக்கம் கழுவுதல்

ஆயில் பக்கத்துக்குள் தண்ணீர் விடவே வேண்டாம். மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி போதும். உள்ளே நிரப்பி, வாய்களை ரப்பர் கார்க்கால் அடைத்து, இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் நன்றாகக் குலுக்கி, இன்ஜினில் ஆயில் வெளியேறும் வாய் வழியாக ஊற்றி, நுழையும் வாய் வழியாக வெளியே எடுங்கள். ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளினால்தான் இடுக்கில் மாட்டியது வரும். வெளியே வருவதை வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்குவதன் மேல் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது, எனவே கண்ணாலும் பார்க்க வேண்டும். கரி மட்டும் வந்தால் தொடரலாம். துணி வெளுப்பாகும்வரை இதே வேலை.

முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றை மெதுவாகவே அடித்து உலர்த்தி, வெயிலில் வாய் கீழாகச் சாய்த்து வையுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் தங்கினால் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். மாட்டும் முன் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர்ப் பக்கம்

சேலம் சுற்றுவட்டாரத்தில் பல போர்களில் வருவது கடினத் தண்ணீர். அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால், வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போலவே தட்டுகளுக்கு இடையிலும் வெள்ளைப் படிவு கட்டும். ஆயில் கலந்த வண்டியில் அந்தப் படிவின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். இங்கேதான் வரிசை முக்கியம்: பிசுக்கை முதலில் எடுக்க வேண்டும், உப்பை அப்புறம். எண்ணெய் மூடிய உப்பின் மேல் எந்தப் புளிப்பும் வேலை செய்யாது.

பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெந்நீரை நிரப்பி ஊறவிட்டுக் கொட்டுங்கள். நுரை தெளிந்து எண்ணெய் மினுக்கம் போகும்வரை மாற்றுங்கள். அதன் பின் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), லிட்டருக்கு 50 கிராம், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில். ஊற்றியதும் பொரியும். கூலர் அலுமினியம் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் கொட்டிவிட்டு, தேவைப்பட்டால் புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். எவர்சில்வர் தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் விடலாம். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை, மறுபடியும் நல்ல தண்ணீரில் ஒருமுறை. இந்த வேலை முழுவதும் ஆயில் வாய்கள் இறுக்கி அடைத்தே இருக்கட்டும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடாதீர்கள். அது அலுமினியத்தையும் எவர்சில்வரையும் அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தை அரிக்கும். செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் காஸ்டிக் தொட்டியில் அலுமினியக் கூலரையும் சேர்த்து முக்கினால், எடுக்கும்போது தட்டு காகிதமாக இருக்கும். கடையில் கொடுத்துக் கழுவுவதாக இருந்தால் எதில் முக்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஏர் டெஸ்ட்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். கழுவிய கூலர், வாங்கிய பழைய கூலர், இரண்டுக்கும் பொது. ஏன், புதியதுக்கும் செய்து பார்க்கலாம்.

லேத் பட்டறையில் 6 மி.மீ. தடிமன் இரும்புப் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி, கூலரின் போல்ட் துளைக்கு ஏற்றபடி துளையிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் 3 மி.மீ. ரப்பர் ஷீட். ஒரு துண்டு ஓர் ஆயில் வாயை மூடும். இன்னொரு துண்டில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி மற்ற வாயில் இறுக்குங்கள். இரண்டு வாயும் ஒரே முகத்தில் இருந்தால் ஒரே பட்டை போதும். இப்போது எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று ஏற்றலாம். 50 பி.எஸ்.ஐ. போதும், அதாவது மூன்றரை பார் அளவு. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், பட்டைக்கு நேராக முகத்தையும் வைக்க வேண்டாம்.

அகலமான டப்பில் வெந்நீர் எடுத்துக் கூலரை முழுதாக முக்குங்கள். பச்சைத் தண்ணீரில் மூடிக்கொள்ளும் விரிசல் வெந்நீரில் திறக்கும். முக்கியவுடன் எல்லாப் பக்கமும் குமிழி வரும், பயப்படாதீர்கள், தட்டு இடுக்கில் இருந்த காற்றுதான். அசைத்துத் தட்டி அதை வெளியேற்றுங்கள். கூலன்ட் வாய் மேலே பார்த்தபடி, உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை இது. ஓட்டை இருந்தால் கூலன்ட் வாயில் இருந்து மணி கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னக் குமிழி ஏறும். சில ஓட்டைகள் பத்து நொடிக்கு ஒன்றுதான் விடும். அதுவும் ஓட்டைதான். ரப்பர் ஷீட் ஓரத்தில் வந்தால் போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

மாட்டுதல்

ஓரிங், பேக்கிங் எல்லாம் புதியது, அதுவும் அந்த வண்டிக்கு உரியது. கடையில் அளவு பார்த்து ஏதோ ஒரு கறுப்பு ரப்பரைத் தருவார்கள். கூலன்ட்டுக்கு மட்டும் உரிய ஈபிடிஎம் ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப்போகும். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஆயிலைத் தாங்கும், ஆனால் தொடர்ந்த சூட்டில் சீக்கிரம் இறுகும். விட்டான் வகை நீண்டநாள் நிற்கும், விலை வித்தியாசம் மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை. பிளாக்கின் முகத்தைப் பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டுங்கள், எமரிப் பேப்பர் வேண்டாம், அதன் தூள் ஆயிலுக்குள் போகும். ஓரிங்கில் புது ஆயில் தடவி உட்கார வையுங்கள். கூடுதல் பாதுகாப்பு என்று சிலிக்கான் பேஸ்ட் பூசாதீர்கள். பிதுங்கிய துண்டு உள்பக்கம் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும்.

அடைத்த துணிகளை எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, எல்லா போல்ட்டையும் முதலில் கையால், அப்புறம் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உங்கள் வண்டிக்கான டார்க் அளவு, அதாவது எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்பது, மேனுவலில் இருக்கும். அலுமினியத்தில் ஏறும் 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் அளவுதான் வரும், பலர் நினைப்பதை விடக் குறைவு.

சிஸ்டத்தை அலசாமல் வண்டியை ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது

ஆயில் கலந்த வண்டியில் கூலரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் கிளீனர் கலந்த தண்ணீரை நிரப்புங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் விலை குறைந்த ஆயிலும் புது ஃபில்டரும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் ரிலேயையோ டீசல் கட் ஆஃப் வயரையோ கழற்றி, பத்து பத்து நொடியாக ஆயில் லைட் அணையும்வரை சுற்றவிடுங்கள். காலியான கூலரில் ஆயில் நிரம்பட்டும். பிறகு ஸ்டார்ட் செய்து சூடு வரும்வரை ஓட்டி, ஆறியபின் இறக்குங்கள். கொட்டும் தண்ணீர் தெளிவாகும்வரை இதையே செய்ய வேண்டியதுதான், அலுப்பாகத்தான் இருக்கும். அலசிய ஆயிலையும் கூலன்ட்டையும் சாக்கடையிலோ ஓடையிலோ விடாதீர்கள். கழிவு ஆயில் எடுப்பவர்கள் வந்துபோகும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, கடைசி நிரப்பலுக்குக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. காற்றுப் பிடிப்பு போக, மூக்கு மேடாக இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் மேலே கூலன்ட் கொதிக்காமல் நிற்கும்.

முதல் ஓட்டம் அஸ்தம்பட்டியில் இருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போதும். அங்கே நிறுத்தி, டார்ச் அடித்துக் கூலரைச் சுற்றிப் பாருங்கள். ஒழுகல் இல்லையென்றால் திரும்பி வந்து, ஆறியபின் இரண்டு அளவையும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் மலை ஏறலாம்.

பைக் கூலர்

பல்சர் 220 போன்றவற்றில் முன்னால் இருக்கும் ஃபின் கூலரில் பெரும்பாலும் அடைப்பு வெளியேதான்: சேறும் பூச்சியும். பிரஷர் வாஷ் நேராக அடித்தால் ஃபின் மடங்கிவிடும். சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், பின்பக்கத்தில் இருந்து மெல்லிய தண்ணீர். மடங்கிய ஃபின்னை மூங்கில் குச்சியால் நிமிர்த்தலாம். ஹோஸ் கழற்ற வேண்டியிருந்தால் கூலர் பக்க நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலுமினியக் கழுத்து முறுக்கி உடையும். வாஷர் புதியதாகப் போடுங்கள். வெளிப்புறத்தில் சின்ன ஓட்டை என்றால் இந்த வகையை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கலாம், உள்ளே இருக்கும் ஆயிலை முழுக்கக் கழுவிய பிறகு.

அடுத்த சில வாரங்கள்

ஆயில் கலந்திருந்த வண்டியில் எவ்வளவு அலசினாலும், ஹோஸ் உள்சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய் கொஞ்ச நாள் கூலன்ட் டப்பாவில் வானவில் நிறத்தில் மிதக்கும். டிஷ்யூ பேப்பர் முனையால் ஒற்றி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை பாருங்கள். டப்பாவில் மார்க்கரால் அளவுக் கோடு போட்டு வையுங்கள். கோடு அப்படியே இருந்து, படலம் குறைந்துகொண்டே வந்தால் வேலை சரி. படலம் கூடினால் கூலரை மறுபடி ஏர் டெஸ்ட் பாருங்கள். அதிலும் குமிழி வரவில்லையென்றால், இனி ஹெட்டை இறக்கிப் பார்க்கச் சொல்லும் மெக்கானிக் பேச்சைக் கேட்கலாம்.